பலிபீடத்துக்கு முன் ஒரு நிபந்தனை

எருசலேம் ஆலயம் நின்றிருந்த காலத்தில், ஆண்டுக்கு ஒரே ஒரு நாள், ஒரே ஒரு மனிதன் மகா பரிசுத்த ஸ்தலத்துக்குள் போவான். அதற்கு ஏழு நாள் முன்னதாகவே பிரதான ஆசாரியனை வீட்டிலிருந்து பிரித்து ஆலயத்தில் தங்கவைப்பார்கள். கடைசி இரவில் அவனைத் தூங்க விடமாட்டார்கள். கண் செருகினால் இளம் ஆசாரியர்கள் விரலைச் சொடுக்கி எழுப்புவார்கள். குளிர்ந்த கல்தரையில் நிற்கச் சொல்வார்கள். ஊரே கண்டு வியக்கும் பொன்னாடைகளைக் கழற்றிவிட்டு, வெள்ளைச் சணல்நூல் உடையோடுதான் அவன் உள்ளே போக வேண்டும். முதல் பலி அவனுடைய சொந்தப் பாவத்துக்கு. தன் குற்றத்தை அறிக்கையிட்ட பிறகே மக்களுக்காக வாய்திறக்க முடியும். பிறகு இரண்டு வெள்ளாட்டுக்கடாக்களை நிறுத்திச் சீட்டுப் போடுவார்கள். ஒன்று பலிபீடத்துக்கு. மற்றதன் தலைமேல் அவன் இரு கைகளையும் வைத்து, இஸ்ரவேலின் அக்கிரமங்கள் எல்லாவற்றையும் அறிக்கையிட்டு, அதை வனாந்தரத்துக்கு அனுப்பிவிடுவான். நம் வேதாகமத்தில் அதற்குப் போக்காடு என்று பெயர்.

லேவியராகமம் 16ஆம் அதிகாரத்திலும், பின்னாளில் தொகுக்கப்பட்ட மிஷ்னா என்ற யூதச் சட்டத் தொகுப்பிலும் வரும் இந்தக் காட்சி கிறிஸ்தவர்களுக்குப் புதிதல்ல. எபிரெயருக்கு எழுதப்பட்ட நிருபத்தின் நடுப்பகுதி முழுவதும் இந்த நாளின் மேல்தான் எழுப்பப்பட்டிருக்கிறது. ஆண்டுதோறும் பிற உயிரின் இரத்தத்தோடு உள்ளே போன ஆசாரியனுக்குப் பதிலாக, கிறிஸ்து தம் சொந்த இரத்தத்தோடு ஒரே தரம் உள்ளே போனார் என்கிறது அந்த நிருபம். பெரிய வெள்ளிக்கிழமை ஆராதனையில் திரைச்சீலை கிழிந்ததைப் பற்றிப் பேசாத போதகர் இல்லை. அந்த விசுவாசத்தில்தான் நானும் வளர்ந்தேன், அதில்தான் நிற்கிறேன்.

இருந்தும் அந்த வாசிப்பு நம்மிடம் ஒரு பழக்கத்தை விட்டுச்சென்றிருக்கிறது. யோம் கிப்பூர் எனப்படும் யூதர்களின் பாவநிவிர்த்தி நாளை நிறைவேறி முடிந்த ஒன்றாகவே நாம் எண்ணிக்கொள்கிறோம். நமக்கு அது முன்னடையாளம். அசல் வந்த பிறகு அதில் கற்றுக்கொள்ள என்ன இருக்கிறது என்று கடந்துவிடுகிறோம். செப்டம்பரிலோ அக்டோபரிலோ ஒவ்வோர் ஆண்டும் லட்சக்கணக்கான யூதர்கள் யோம் கிப்பூர் அன்று ஒரு மாலை தொடங்கி மறுநாள் இரவு விழும் வரை உண்ணாமல், தண்ணீர்கூடக் குடிக்காமல் இருக்கிறார்கள். அவர்கள் அந்த நாளில் கடவுளிடம் என்ன பேசுகிறார்கள் என்று நாம் கேட்பதே இல்லை.

கி.பி. 70இல் ரோமப் படை ஆலயத்தை எரித்தது. பலிபீடம் போயிற்று, ஆசாரியன் போனான், ஆட்டுக்கடாக்களும் போயின. இனி எங்கள் பாவத்துக்கு நிவிர்த்தி ஏது என்று இடிபாட்டைப் பார்த்து ஒரு ரபி அழுதார் என்றும், அவருடைய ஆசான் யோகனான் பென் சக்காய் அவரைத் தேற்றி, அதற்கு நிகரான ஒன்று நமக்கு இருக்கிறது, அது இரக்கச் செயல் என்றார் என்றும் யூத மரபு சொல்கிறது. அதற்கு அவர் காட்டிய ஆதாரம் ஓசியா தீர்க்கதரிசி. பலியை அல்ல, இரக்கத்தையே கடவுள் விரும்புகிறார் என்ற அதே வசனத்தைத்தான் ஆயக்காரரோடு பந்தியிருந்தபோது இயேசுவும் எடுத்துச் சொன்னார். ஒரே வசனத்திலிருந்து இருவரும் ஒரே பாடத்தை எடுத்திருக்கிறார்கள்.

இன்றைய யோம் கிப்பூரைச் சற்று அருகில் போய்ப் பார்க்கலாம். சூரியன் சாயும் முன்பே ஜெப ஆலயம் நிறைந்துவிடும். பலர் வெள்ளை உடுத்தியிருப்பார்கள். தோல் செருப்பு கூடாது என்பதால் துணிக் காலணியோ ரப்பர் காலணியோ போட்டிருப்பார்கள். பேழை திறக்கப்பட்டு, தோராச் சுருள்கள் வெளியே கொண்டுவரப்படும். கொல் நித்ரே என்ற பாடல் தொடங்கும் முன், பாவிகளோடு சேர்ந்து ஜெபிக்க எங்களுக்கு அனுமதி உண்டு என்ற பொருளில் ஒரு சிறு அறிவிப்பு வாசிக்கப்படும். நெறி தவறிப் போனவர்களுக்கும் சபையில் இடம் வைத்துவிட்டுத்தான் அந்த இரவு ஆரம்பமாகிறது.

பிறகு அறிக்கை. எபிரெய நெடுங்கணக்கின் முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்து வரை, எழுத்துக்கு ஒன்றாகப் பாவங்கள் வரிசையாக வருகின்றன. ஒவ்வொன்றுக்கும் வலது கையை மடக்கி நெஞ்சில் மெல்லத் தட்டிக்கொள்கிறார்கள். எல்லாமே பன்மையில். திருடாதவரும் நாங்கள் திருடினோம் என்கிறார். வன்முறை செய்யாதவரும் வன்முறை செய்தோம் என்கிறார். பக்கத்தில் நிற்பவர் கூச்சமின்றித் தன் பாவத்தைச் சொல்வதற்கு என் குரல் துணை நிற்கிறது. அவர் செய்ததில் எனக்கும் பங்கிருக்கலாம் என்ற ஒப்புதலும் அதில் இருக்கிறது.

மறுநாள் காலை ஏசாயாவின் 58ஆம் அதிகாரம் வாசிக்கப்படுகிறது. பட்டினியால் களைத்து நிற்கும் கூட்டத்தின் முன்னால், கடவுள் கேட்கும் உபவாசம் இதுவல்ல, நுகத்தை உடைப்பதும் பசித்தவனோடு உணவைப் பகிர்வதுமே உபவாசம் என்று தீர்க்கதரிசி முழங்குகிறார். பிற்பகலில் யோனாவின் புத்தகம். மனந்திரும்பியது நினிவே என்ற அந்நிய நகரம். முகம் சுளித்தது தீர்க்கதரிசி. தன் மக்களின் மிகப் பரிசுத்தமான நாளில், அந்நியரின் மனந்திரும்புதலை முன்மாதிரியாக எடுத்து வாசிக்கும் துணிவை எண்ணிப் பார்க்க வேண்டும்.

இத்தனைக்கும் முன்னால் ஒரு நிபந்தனை இருக்கிறது. மனிதன் கடவுளுக்கு எதிராகச் செய்த பாவத்துக்கு யோம் கிப்பூர் நிவிர்த்தி தரும். மனிதன் மனிதனுக்கு எதிராகச் செய்ததற்கோ, அவன் போய் அந்த மனிதனைச் சமாதானப்படுத்தும் வரை அந்த நாள் எதையும் தராது. மிஷ்னாவின் தீர்ப்பு இது. அதனால்தான் யூதப் புத்தாண்டுக்கும் யோம் கிப்பூருக்கும் இடைப்பட்ட நாட்களில் மனம் நோகடித்தவர்களைத் தேடிப் போகிறார்கள். தொலைவில் இருப்பவர்களைத் தொலைபேசியில் அழைக்கிறார்கள்.

12ஆம் நூற்றாண்டில் யூத அறிஞர் மைமோனிடிஸ் இதை இன்னும் கறாராக வகுத்தார். பொருளை அபகரித்திருந்தால் திருப்பிக் கொடுக்க வேண்டும். கொடுத்த பிறகும் மன்னிப்புக் கேட்க வேண்டும். அவன் மறுத்தால் அவனுடைய நண்பர்கள் மூவரை அழைத்துக்கொண்டு போய்க் கேட்க வேண்டும். மறுபடியும் மறுத்தால் இரண்டாம் முறை, மூன்றாம் முறை. நோகடிக்கப்பட்டவனுக்கும் ஒரு சொல் உண்டு: மனமுருகிக் கேட்பவனிடம் கல்நெஞ்சனாக இருக்காதே. அநீதி பட்டவன் இறந்துபோயிருந்தால்? பத்துப் பேரைக் கூட்டிக்கொண்டு அவன் கல்லறைக்குப் போய், இந்த மனிதனுக்கு இன்னது செய்தேன் என்று அவர்கள் காதுபட அறிக்கையிட வேண்டும். சாவுகூட அந்தக் கடனைத் தள்ளுபடி செய்வதில்லை.

இதைக் கேட்டதும் ஒரு கிறிஸ்தவ மனம் பதறும். அப்படியானால் சிலுவை போதாதா, கிருபை போதாதா? மலைப்பிரசங்கத்தைத் திறந்தால் அங்கேயும் இதே நிபந்தனை நிற்கிறது. காணிக்கையோடு பலிபீடத்தருகே வந்தவனுக்கு, தன்மேல் சகோதரனுக்குக் குறை உண்டு என்பது அங்கே நினைவுக்கு வருகிறது. காணிக்கையை அப்படியே வைத்துவிட்டுத் திரும்பிப் போகச் சொல்கிறார் இயேசு. முதலில் சகோதரனோடு ஒப்புரவு, பிறகே காணிக்கை. சகேயு நாலத்தனையாகத் திருப்பித் தருகிறேன் என்று எழுந்து நின்ற பிறகுதான், இன்றைக்கு இந்த வீட்டுக்கு இரட்சிப்பு வந்தது என்ற அறிவிப்பு வருகிறது. சபை இந்தப் பகுதிகளைப் படிக்காமல் இல்லை. எனினும், அண்ணன் தம்பி வருடக்கணக்கில் பேச்சுவார்த்தை இல்லாமல் இருந்துகொண்டே, இருவரும் ஒரே திருவிருந்தில் முழங்கால்படியிடுவதை நம்மில் யார் பார்க்கவில்லை?

தொடக்கத்தில் இந்த இரு வழிகளுக்கும் இடையே இவ்வளவு தூரம் இருக்கவில்லை. பவுல் ரோமாபுரிக்குக் கப்பலேறிய கதையைச் சொல்லும்போது, உபவாச நாள் கடந்துவிட்டதால் கடற்பயணம் ஆபத்தாயிற்று என்று அப்போஸ்தலர் நடபடிகள் குறிப்பிடுகிறது. அந்த உபவாச நாள் யோம் கிப்பூர்தான். பருவத்தைக் கணக்கிடவே அதை எழுதியவருக்கு அந்த நாள் போதுமானதாக இருந்தது.

386ஆம் ஆண்டு இலையுதிர் காலத்தில் அந்தியோகியாவில் நிலைமை வேறு. அந்நகரத்துக் கிறிஸ்தவர்கள் பலர் எக்காள ஓசை கேட்க யூத ஜெப ஆலயத்துக்குப் போனார்கள். யூதர்களோடு உபவாசம் இருந்தார்கள். அங்கே செய்யும் சத்தியம் வலியது என்று நம்பி, வழக்கில் எதிராளியைச் சத்தியம் செய்ய அங்கே இழுத்துப்போனவர்களும் உண்டு. அவர்கள் எதைத் தேடிப் போனார்களோ, தங்கள் சபையில் கிடைக்காத ஏதோ ஒரு பயபக்தியை அங்கே உணர்ந்திருக்க வேண்டும். அப்போதுதான் குருவாகியிருந்த யோவான் கிறிசோஸ்தோம் அவர்களைத் தடுக்கப் பிரசங்கமேடை ஏறினார். பொன்வாய் என்று பெயர் வாங்கிய அந்த நாவு, அந்த ஆண்டும் அடுத்த ஆண்டும் நிகழ்த்திய எட்டுப் பிரசங்கங்களில் யூதர்களையும் அவர்களுடைய ஆலயத்தையும் மிகக் கொடிய வார்த்தைகளால் தாக்கியது. ஏழைகளுக்காக அவர் பேசிய பேச்சுகளை இன்றும் நன்றியோடு படிக்கிறோம். அதே மனிதர் இதையும் பேசினார்.

பேச்சு பேச்சோடு நிற்கவில்லை. 1096இல் சிலுவைப்போருக்குப் புறப்பட்ட கூட்டம் மாயின்ஸ் நகரத்து யூதர்களைக் கொன்றது. 1348இல் கொள்ளைநோய் பரவியபோது, கிணற்றில் நஞ்சிட்டவர்கள் என்று சொல்லி அவர்களை எரித்தார்கள். 1543இல் மார்ட்டின் லூத்தர் ஜெப ஆலயங்களைக் கொளுத்தச் சொல்லி எழுதினார். பாவநிவிர்த்தி நாளின் உட்பொருளைத் தான் மட்டுமே அறிந்ததாக எண்ணிய கிறிஸ்தவ உலகம், அந்த நாளை அனுசரித்த மக்களையே தன் போக்காடாக்கியது. தன் பயத்தையும் தன் பாவத்தையும் அவர்கள் தலைமேல் வைத்து விரட்டியது. ஆசாரியனாவது முதலில் தன் பாவத்தை அறிக்கையிட்டான். நாம் அதையும் செய்யவில்லை.

அந்த நாட்களின் பொருளைச் சரியாக உணர்ந்த கிறிஸ்தவர்களும் இருந்தார்கள். 1943 செப்டம்பர் 29 காலை, யூதப் புத்தாண்டுக்கு முந்திய நாள், கோபன்ஹேகன் ஜெப ஆலயத்தில் ரபி மார்குஸ் மெல்கியோர் ஆராதனையை நிறுத்தி, நாஜிகள் கைது செய்ய வருகிறார்கள், உடனே ஒளிந்துகொள்ளுங்கள் என்று சபையாரை அனுப்பினார். அக்டோபர் 3, ஞாயிற்றுக்கிழமை, பிஷப் ஃபூக்ல்சாங் டாம்கார்டின் சுற்றுமடல் டென்மார்க்கின் லூத்தரன் ஆலயங்களில் வாசிக்கப்பட்டது. இயேசு யூத மக்களிடையே பிறந்தவர் என்பதை நினைவூட்டிய அந்த மடல், இந்தத் துன்புறுத்தலைச் சபை எதிர்க்கக் கடமைப்பட்டது என்று வெளிப்படையாகச் சொன்னது. வீடுகளிலும் ஆஸ்பத்திரிகளிலும் தேவாலயங்களிலும் ஒளித்துவைத்து, மீன்பிடிப் படகுகளில் ஏற்றி, ஏழாயிரத்துக்கும் மேற்பட்ட யூதர்களை டேனிஷ் மக்கள் சுவீடனுக்குக் கடத்தினார்கள். அவ்வாண்டு யோம் கிப்பூர் அக்டோபர் 9ஆம் தேதி. ஏசாயா சொன்ன உபவாசத்தை அந்த வாரத்தில் அனுசரித்தவர்கள் அவர்கள்.

தமிழ்க் கிறிஸ்தவர்களுக்கு டென்மார்க்கும் ஜெர்மனியும் அந்நியமல்ல. 1706 ஜூலை 9ஆம் தேதி தரங்கம்பாடியில் இறங்கிய மிஷனரி சீகன்பால்கு, டென்மார்க் அரசர் அனுப்பி வந்தவர். ஜெர்மனியின் ஹாலே நகரத்தில் படித்தவர். அவர் தமிழ்ப் புதிய ஏற்பாட்டை அச்சிட உதவிய தமிழ் எழுத்துகளை ஹாலேயில்தான் வார்த்தார்கள். அவை 1713இல் இங்கே வந்து சேர்ந்தன. அதே ஹாலேயில், 2019 அக்டோபர் 9, யோம் கிப்பூர் அன்று, ஐம்பதுக்கும் மேற்பட்டோர் ஜெபித்துக்கொண்டிருந்த ஜெப ஆலயத்தின் கதவைத் துப்பாக்கியால் சுட்டு உடைக்கப் பார்த்தான் ஒருவன். மரக்கதவு தாங்கிக்கொண்டது. வெளியே இரண்டு பேரை அவன் கொன்றான். மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லப்பட்ட சபையார், அந்த நாளின் கடைசி ஜெபத்தை அங்கேயே முடித்தார்கள். நமக்கு வேதம் அச்சேற எழுத்து வார்த்துத் தந்த ஊரில், அந்த வேதத்தின் முதற்பாதியை நமக்குத் தந்த மக்கள் இன்றும் பூட்டிய கதவுக்குள் ஜெபிக்க வேண்டியிருக்கிறது. அவர்களோடு நமக்கிருக்கும் கணக்கு ஐரோப்பியருடைய கணக்கு மட்டுமே என்று சொல்லித் தப்பிக்க முடியாது. நாங்கள் என்று பன்மையில் அறிக்கையிடக் கற்றுத்தரும் நாள் அல்லவா இது?

போய்க் கேட்டவர்களும் உண்டு. 1960 ஜூன் 13 அன்று ஜூல் இசாக் என்ற 82 வயது யூத வரலாற்றாசிரியர் திருத்தந்தை 23ஆம் யோவானைச் சந்தித்தார். மனைவியையும் மகளையும் நாஜிகளிடம் பறிகொடுத்தவர் அவர். யூதர்களைப் பற்றிக் கிறிஸ்தவப் போதனையில் ஊறிக் கிடக்கும் இகழ்ச்சியைக் களைய வேண்டும் என்று கேட்டார். உண்மையில் நடந்துபோய்க் கேட்டிருக்க வேண்டியது சபை. இங்கே அநீதி பட்டவரே வாசலுக்கு வந்தார். அந்தச் சந்திப்பு வீண்போகவில்லை. 1965 அக்டோபர் 28 அன்று இரண்டாம் வத்திக்கான் பொதுச்சங்கம், இயேசுவின் மரணப் பழியை எல்லா யூதர்கள் மீதும் சுமத்தக் கூடாது என்று 2,221 வாக்குகளால் அறிக்கையிட்டது, எதிர்த்தவை 88. 2000ஆம் ஆண்டு மார்ச் 26 அன்று, கைநடுக்கத்தோடும் ஊன்றுகோலோடும் எருசலேமின் மேற்குச் சுவரை நெருங்கிய இரண்டாம் யோவான் பவுல், ஆபிரகாமின் பிள்ளைகளைத் துன்புறுத்தியதற்காக மன்னிப்பு வேண்டும் ஜெபத்தைச் சுவரின் இடுக்கில் வைத்தார். கடவுளிடம் கேட்ட ஜெபம்தான். அதை ரோமாபுரியில் இருந்தபடியே கேட்டிருக்கலாம். அநீதி பட்டவர்களின் சுவர் வரை நடந்துபோய், உலகத்தின் கண்முன்னே கேட்டார். மைமோனிடிஸ் சொன்ன கல்லறை அறிக்கைக்கு, நம் காலத்தில் இதைவிட நெருங்கிய சாட்சியை நான் அறியேன்.

இப்போது நம் ஊர்ச் சபைகள் சிலவற்றிலும் யூதப் பண்டிகைகளின் மேல் ஆர்வம் பிறந்திருக்கிறது. ஆட்டுக்கொம்பு ஊதுகிறார்கள், எக்காளப் பண்டிகையின் இரகசியம், பாவநிவிர்த்தி நாளின் தீர்க்கதரிசனம் என்று பிரசங்கிக்கிறார்கள். ஆர்வம் நல்லது. ஆனால் அந்த நாளைக் கடைசிகாலக் கணக்குப் போடும் கருவியாக மட்டும் பார்ப்பதும், ஓர் அரசு செய்வதையெல்லாம் ஆமோதிப்பதையே இஸ்ரவேல் பாசம் என்று நினைப்பதும் அந்த நாளைப் புரிந்துகொண்டதாகாது. அந்த நாள் நம்மிடம் கேட்பது ஒன்றுதான்: நீ யாரை நோகடித்தாய், அவரிடம் போனாயா?

அந்தக் கேள்வி நம் வாசலுக்கும் வரும். திருநெல்வேலிச் சீமையில் வடக்கன்குளத்துத் தேவாலயத்தை 19ஆம் நூற்றாண்டில் கட்டியபோது, ஒரே பீடத்தை நோக்கி இரண்டு கூடங்களாகக் கட்டினார்கள், சாதிக்கொரு கூடம். நடுவில் இருந்த சுவரை 1910இல் இடித்தார்கள். கல்லறைத் தோட்டத்துக்குள்ளும் சாதிச் சுவர் எழுப்பிய சபைகள் நம்முடையவை. ஞாயிறுதோறும் பாவ அறிக்கை சொல்கிறோம். அந்தச் சுவருக்கு அப்பால் புதைக்கப்பட்டவர்களின் பிள்ளைகளிடம் எத்தனை சபைகள் போய்க் கேட்டிருக்கின்றன?

கிருபை போதாதா என்ற கேள்விக்கு இங்கேதான் விடை இருக்கிறது. அநீதி பட்டவனை ஓரங்கட்டிவிட்டு, அவனுக்குத் தெரியாமலே அவனுக்கு இழைத்த கொடுமையைத் துடைத்துவிடுகிற கடவுள் நீதியுள்ளவராக இருக்க முடியாது. நம் கடவுள் அநீதி பட்டவனின் பக்கத்தில் நிற்பவர். ஆகையால் அவரிடம் போகிறவன் அந்த மனிதனையும் சந்தித்தே ஆக வேண்டும். கிறிஸ்து நமக்காக ஒரே தரம் உள்ளே போனார் என்பது இந்தச் சந்திப்பிலிருந்து நமக்குக் கிடைத்த விடுப்பு அல்ல. அதை எதிர்கொள்வதற்கான தைரியம் அது. நான் நேசிக்கப்படுகிறேன் என்று உறுதியாகத் தெரிந்தவன்தான், சாக்குச் சொல்லாமல், கௌரவம் பார்க்காமல், நான் செய்தது தவறு என்று இன்னொருவர் முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியும். கடவுளின் மன்னிப்பைப் பெற்றவன் யார் என்பதை அவன் பாடும் பாட்டு காட்டுவதில்லை. மனிதரிடம் மன்னிப்புக் கேட்க அவன் எழுந்து போகிறானா என்பதே காட்டுகிறது.